முதலில் கண்ணில் பட வேண்டியது எது?

“லோகோவை இன்னும் கொஞ்சம் பெரிதாக்க முடியுமா?” வடிவமைப்புத் தொழிலில் இருப்பவர் எவரும் இந்தக் கேள்விக்குத் தப்பியிருக்க முடியாது. எங்களுக்குள் சொல்லிச் சிரித்துக்கொள்ளும் பழைய நகைச்சுவை இது. நானும் பல ஆண்டுகள் சிரித்தவன்தான். பிறகு ஒருநாள், ஒரு வாடிக்கையாளர் இதையே மூன்றாவது முறையாகக் கேட்டபோது, எரிச்சலை அடக்கிக்கொண்டு, அவர் கையில் இருந்த துண்டறிக்கையை அவருடைய இடத்தில் இருந்து பார்த்தேன். நிறுவனத்தின் பெயர், தொடங்கிய ஆண்டு, ஐந்து சேவைகளின் பட்டியல், தள்ளுபடி அறிவிப்பு, இரண்டு புகைப்படங்கள், மூன்று தொலைபேசி எண்கள், இணையதள முகவரி என எல்லாமே ஏறத்தாழ ஒரே கனத்தில், ஒரே குரலில் பேசிக்கொண்டிருந்தன. லோகோ தெரியவில்லை என்று அவர் சொன்னது முற்றிலும் உண்மை. ஆனால் அது சிறியதாக இருந்ததால் தெரியாமல் போகவில்லை. சுற்றிலும் இருந்த மற்ற எதுவும் அதற்கு வழிவிடாததால் தெரியாமல் போனது. அந்தத் துண்டறிக்கையை வடிவமைத்தவன் நான்.

அன்றிலிருந்து, ஒரு வணிகத்திற்கான விளம்பரப் பணியை ஏற்கும்போது, நிறத்தையும் எழுத்துருவையும் பற்றிப் பேசுவதற்கு முன்பே ஒரு கேள்வியைக் கேட்டுவிடுகிறேன்: பார்ப்பவரின் கண்ணில் முதலில் பட வேண்டியது எது, அதைப் பார்த்தபின் அவர் செய்ய வேண்டியது என்ன? எளிய கேள்வி போலத் தோன்றினாலும், இதற்கு உடனே விடை சொன்ன உரிமையாளர்கள் மிகச் சிலரே. பெரும்பாலானவர்கள் நான்கைந்து விடைகளைச் சொல்வார்கள். பங்குதாரர்கள் இருவர் இருந்தால் விடைகள் எட்டாகும். வடிவமைப்பு சரியில்லை என்று சொல்லப்படுகிற பல இடங்களில் கோளாறு வடிவமைப்பில் இல்லை. என்ன சொல்வது என்ற முடிவு எடுக்கப்படாமலேயே வேலை வடிவமைப்பாளரின் மேசைக்கு வந்துவிட்டது என்பதே என் அனுபவம். எடுக்கப்படாத முடிவை அழகான நிறங்களால் மூடி மறைக்கலாம். ஆனால் அந்த மறைப்பு விற்பனைக்கு உதவுவதில்லை.

பார்ப்பவர் நமக்குக் கொடுக்கும் நேரமோ மிகக் குறைவு. கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் கிட்டா லிண்ட்கார்ட் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஓர் இணையப் பக்கத்தை வெறும் 50 மில்லி விநாடி காட்டினாலே, அது பிடித்திருக்கிறதா இல்லையா என்ற முடிவை மக்கள் எடுத்துவிடுகிறார்கள் என்றும், அதிக நேரம் காட்டினாலும் அந்த முடிவு பெரிதாக மாறுவதில்லை என்றும் கண்டார்கள். இந்த ஆய்வை மேற்கோள் காட்டி, அழகாக இருந்தால் போதும், எல்லாம் விற்றுவிடும் என்று பேசுகிறவர்கள் எங்கள் தொழிலில் உண்டு. அது ஆய்வு சொல்லாத செய்தி. அங்கே அளக்கப்பட்டது தோற்றத்தின் மீதான விருப்பம் மட்டுமே. முதல் பார்வை கதவைத் திறந்துவிடும். உள்ளே வந்தவர் எதைத் தேடி வந்தாரோ அது அங்கே இல்லையென்றால், வந்த வழியே திரும்பிப் போய்விடுவார்.

ஒரு நிறுவனம் எங்கே தென்பட்டாலும் ஒரே முகத்தோடு தென்பட வேண்டும் என்ற எண்ணம் நூறாண்டுக்கும் மேல் பழையது. ஜெர்மனியின் மின்சாதன நிறுவனமான ஏஇஜி, பீட்டர் பெரன்ஸ் என்ற கலைஞரை 1907-இல் தன் கலை ஆலோசகராக நியமித்தது. லோகோ, விலைப்பட்டியல், சுவரொட்டி, மின்விளக்கு, கெட்டில் என்பதில் தொடங்கி, 1909-இல் பெர்லினில் எழுந்த டர்பைன் தொழிற்சாலைக் கட்டடம் வரை எல்லாவற்றையும் அவர் ஒரே பார்வையில் வடிவமைத்தார். இன்று சிறு வணிகங்களிடம் இதற்கு நேர்மாறான நிலையைக் காண்கிறேன்: விசிட்டிங் கார்டில் ஒரு நீலம், இணையதளத்தில் வேறொரு நீலம், சமூக ஊடகப் படங்களில் அன்றன்றைக்குத் தோன்றிய நிறம். ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. ஆனால் மூன்றையும் பார்த்த வாடிக்கையாளரின் மனதில் மூன்று வெவ்வேறு நிறுவனங்கள் பதிந்திருக்கும். ஒரு விளம்பரத்தின் நினைவு அடுத்த விளம்பரத்திற்குக் கை கொடுக்காது.

லோகோவைப் பற்றி இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தொழில் தொடங்குகிறவர்களின் பணமும் கவலையும் தேவைக்கு மேல் செலவாகும் இடம் அதுதான். நைக்கியின் ஸ்வூஷ் குறியை 1971-இல் வரைந்தவர் கரோலின் டேவிட்சன் என்ற மாணவி. அதற்காக அவர் பெற்ற தொகை 35 டாலர். அந்தக் குறியை முதன்முதலாகப் பார்த்தபோது நிறுவனர்களில் ஒருவரான ஃபில் நைட்டுக்கே அது பெரிதாகப் பிடித்துவிடவில்லை. அந்த வளைகோட்டில் இன்று நாம் காணும் வேகமும் வெற்றியும் வரையப்பட்ட அன்று அதில் இல்லை. ஆண்டுக்கணக்கில் அதே குறியை, அதே வடிவத்தில், பொருளின் தரத்தோடு சேர்த்துக் காட்டிக் காட்டி நிரப்பப்பட்டவை அவை. எனவே லோகோ எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை. சிறிய அளவிலும் ஒற்றை நிறத்திலும் அடையாளம் தெரிய வேண்டும், பக்கத்தில் இருப்பவருடையதைப் போல இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இப்படிச் சேர்த்து வைத்த அடையாளத்தைக் கலைப்பது எவ்வளவு எளிது என்பதற்கு டிராப்பிகானாவை விடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியாது. அப்போது பெப்சிகோ நிறுவனத்திற்குச் சொந்தமாக இருந்த இந்த ஆரஞ்சுச் சாற்றின் அட்டைப்பெட்டியில், உறிஞ்சுகுழல் செருகிய ஒரு முழு ஆரஞ்சுப் பழம் நெடுங்காலமாக இருந்துவந்தது. 2009 ஜனவரியில் அதை எடுத்துவிட்டு, ஒரு கண்ணாடிக் குவளை நிறையச் சாறு இருக்கும் படத்தை வைத்தார்கள். பெயரையும் செங்குத்தாகத் திருப்பி மெல்லிய எழுத்தில் அமைத்தார்கள். தனியாக எடுத்துப் பார்த்தால் நவீனமான, சுத்தமான வடிவமைப்புதான். ஒரு கண்காட்சியில் வைத்திருந்தால் நானே பாராட்டியிருப்பேன். ஆனால் கடையின் அடுக்கில் கை நீட்டும் மனிதர் பெயரைப் படிப்பதில்லை. பழத்தையும் நிறத்தையும் அவை இருக்கும் இடத்தையும் தேடுகிறார். தேடியது தென்படாதபோது, அது ஏதோ மலிவான கடைச்சரக்கு போலத் தோன்றுகிறது என்று பலர் குறைகூறினார்கள். ஜனவரி 1 முதல் பிப்ரவரி 22 வரை விற்பனை ஏறத்தாழ 20 விழுக்காடு சரிந்ததாக அப்போது செய்திகள் வெளிவந்தன. நிறுவனம் பழைய அட்டைக்கே திரும்பியது. அடுத்த ஆண்டு, 2010 அக்டோபரில், கேப் ஆடை நிறுவனம் இருபது ஆண்டுகளாக வைத்திருந்த நீலச் சதுர லோகோவை மாற்றிவிட்டு, எதிர்ப்பு எழுந்ததால் ஏறத்தாழ ஒரே வாரத்தில் பழையதற்கே வந்து சேர்ந்தது.

உரிமையாளருக்குத் தன் லோகோ சலித்துப்போவது இயல்பு, ஏனென்றால் அவர் அதை நாள்தோறும் நூறு முறை பார்க்கிறார். வாடிக்கையாளரோ மாதத்திற்கு ஒருமுறை பார்த்தால் அதிகம். அவருக்கு அது இப்போதுதான் மனதில் பதியத் தொடங்கியிருக்கும். எல்லாவற்றையும் புதிதாக்கித் தாருங்கள் என்று கேட்டு வருகிறவர்களிடம், எதை மாற்றவே கூடாது என்ற பட்டியலைத்தான் நான் முதலில் எழுதச் சொல்கிறேன். இதனால் எனக்குச் சில வேலைகள் கைநழுவிப் போயிருக்கின்றன.

அச்சு வேலையில் சொல்ல வேண்டியவை குறைவு. திரையின் நிறங்கள் ஒளியால் ஆனவை, அச்சின் நிறங்கள் மையால் ஆனவை. திரையில் பளிச்சென்று ஒளிரும் சில நீலங்களும் பச்சைகளும் சிஎம்ஒய்கே எனப்படும் நான்கு வண்ண மை அச்சில் மங்கித்தான் வரும். இதை நான் ஆயிரக்கணக்கான பிரதிகள் அச்சான பிறகு கற்றுக்கொண்டேன். வெட்டும்போது ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியாமலிருக்க, பின்னணி நிறத்தைச் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக நீட்டிவிட வேண்டும். லோகோவின் மூலக் கோப்பு, எவ்வளவு பெரிதாக்கினாலும் தெளிவு குறையாத வெக்டர் வடிவில் கையில் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சுற்றிச்சுற்றித் தேய்ந்துபோன படத்தை அனுப்பிவிட்டுப் பெரிய பேனர் கேட்டால், எந்த அச்சகத்தாலும் அதற்கு உயிர் கொடுக்க முடியாது.

வரைகலையும் இணைய வடிவமைப்பும் சந்திக்கும் இடத்தில்தான் பணம் அதிகமாக வீணாகிறது என்று நினைக்கிறேன். விளம்பரப் படத்தை ஒருவர் செய்கிறார். இணையதளத்தை வேறொருவர் எப்போதோ செய்து முடித்திருக்கிறார். இருவரும் பேசிக்கொண்டதே இல்லை. விளம்பரத்தில் ஒரு குறிப்பிட்ட பொருளின் படமும், அதன் மீதான சலுகையும், மஞ்சள் நிறப் பின்னணியும் இருக்கின்றன. ஆர்வத்தோடு அதைத் தொடுகிறவர் போய் விழுவதோ “எங்களைப் பற்றி” என்று தொடங்கும், சாம்பல் நிறத்தில் அமைந்த முகப்புப் பக்கத்தில். அந்தப் பொருளும் இல்லை, சலுகையும் இல்லை, நிறமும் இல்லை. தவறான இடத்திற்கு வந்துவிட்டோம் என்று அவர் நினைப்பதில் வியப்பில்லை. ஒவ்வொரு விளம்பரத்திற்கும் அதே படத்தோடும் அதே வாக்கியத்தோடும் தொடங்கும் தனிப் பக்கம் ஒன்று வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். விளம்பரம் கொடுத்த வாக்கை அந்தப் பக்கத்தின் முதல் திரையே நிறைவேற்ற வேண்டும். விலை, விவரம், நம்பிக்கை தரும் சான்று ஆகியவை அதன் கீழே வரிசையாக வரலாம்.

அந்தப் பக்கத்தில் இருக்கும் பொத்தானின் சொல்லுக்கும் இது பொருந்தும். “சமர்ப்பி” என்ற சொல்லைப் பார்த்தால் எனக்கு அரசாங்கப் படிவம்தான் நினைவுக்கு வருகிறது. “விலைப்பட்டியலை எனக்கு அனுப்புங்கள்” என்று இருந்தால், அழுத்தியபின் என்ன நடக்கும் என்பது அழுத்துவதற்கு முன்பே தெரிந்துவிடும். படிவத்தில் எத்தனை கட்டங்கள் தேவை என்பதிலும் நான் கஞ்சத்தனமாகவே இருப்பேன். விலை கேட்டு வந்தவரிடம் பிறந்த தேதியைக் கேட்கும் படிவங்களை நான் கண்டிருக்கிறேன். எதற்காக என்று விசாரித்தால், வாழ்த்து அனுப்பலாம் என்ற விடை வந்தது.

முக்கியமான செய்தியைப் பெரிதாக, வண்ணப் பெட்டிக்குள், மின்னும்படி வைத்தால் எல்லோரும் பார்ப்பார்கள் என்ற நம்பிக்கை இன்னும் பலரிடம் இருக்கிறது. இணையத்தின் தொடக்கக் காலத்தில் அது உண்மையாகக்கூட இருந்திருக்கலாம். ஹாட்வயர்டு இணையதளத்தில் 1994 அக்டோபரில் வெளியான ஏடி அண்டு டி நிறுவனத்தின் பேனர், இணைய விளம்பரங்களின் முன்னோடியாகக் கருதப்படுகிறது. அடுத்த நான்கே ஆண்டுகளில், 1998-இல், பென்வே, லேன் என்ற ஆய்வாளர்கள் பேனர் குருடு என்று சொல்லத்தக்க ஒரு நிலையை எழுதிக் காட்டினார்கள்: பயனர்கள் தாங்கள் தேடிக்கொண்டிருந்த தகவலே பளிச்சென்ற பெரிய பெட்டிக்குள் இருந்தபோதும், அதைக் காணாமல் கடந்து போனார்கள். விளம்பரத்தைப் போலத் தோன்றும் எதையும் ஒதுக்கக் கண் அதற்குள் பழகிவிட்டிருந்தது. ஆகவே, எதை எல்லோரும் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறோமோ, அதை அளவான எழுத்தில், சுற்றிலும் நிறைய வெற்றிடம் விட்டு, பக்கத்தின் இயல்பான ஓட்டத்திற்குள் வைப்பதே பலன் தருகிறது. வெற்றிடத்திற்குக் காசு கொடுப்பதாக நினைத்து வருந்தும் உரிமையாளரைச் சம்மதிக்க வைப்பது மட்டும் இன்றுவரை எனக்குக் கடினமாகவே இருக்கிறது.

படங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தானாக நகரும் பெரிய ஸ்லைடரையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம். ஐந்து துறைத் தலைவர்கள் முகப்புப் பக்கத்தின் முதல் இடத்திற்குச் சண்டையிட்டால், ஐவரையும் சமாதானப்படுத்த ஸ்லைடர் உதவும். வாடிக்கையாளருக்கு அதனால் பயன் எதுவும் இல்லை. அவர் முதல் படத்தைக் காண்பார், இரண்டாவது வருவதற்குள் கீழே இறங்கியிருப்பார், அல்லது படித்துக்கொண்டிருந்த வரி பாதியில் நழுவிப்போன எரிச்சலில் இருப்பார்.

கைப்பேசியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. திரையின் அகலத்திற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் இணையதள அமைப்பை ஈதன் மார்காட் என்ற இணைய வடிவமைப்பாளர் 2010 மே மாதம் எழுதிய கட்டுரை ஒன்றில் பெயரிட்டு விளக்கினார். கைப்பேசியில் சரியாகத் தெரியாத பக்கங்களைக் கைப்பேசித் தேடலில் பின்னுக்குத் தள்ளும் மாற்றத்தைக் கூகுள் 2015 ஏப்ரல் 21 அன்று நடைமுறைப்படுத்தியது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும், வடிவமைப்பைப் பெரிய கணினித் திரையில் காட்டி, பெரிய திரையிலேயே ஒப்புதல் வாங்கும் வழக்கம் மாறவில்லை. வாடிக்கையாளர்களோ ஒரு கையில் பையைப் பிடித்தபடி, வெயிலில் நின்று, கட்டைவிரலால் பார்க்கிறார்கள். எனவே ஒப்புதல் கூட்டங்களில் நான் இப்போது கணினியைத் திறப்பதில்லை. பக்கத்தின் இணைப்பை உரிமையாளரின் கைப்பேசிக்கே அனுப்பி, வைஃபையை அணைத்துவிட்டுப் பார்க்கச் சொல்கிறேன். படங்கள் ஊர்ந்து வரும் அந்தச் சில விநாடிகளின் அமைதி, நான் பேசக்கூடிய எதையும் விட நன்றாகப் புரியவைத்துவிடும்.

வேகத்திற்குக் கூகுள் வகுத்திருக்கும் அளவுகோல்கள் வணிகர்களுக்கும் பயன்படக்கூடியவை. பக்கத்தின் முதன்மையான பகுதி 2.5 விநாடிக்குள் தோன்ற வேண்டும். தொட்டதற்கான எதிர்வினை 200 மில்லி விநாடிக்குள் வர வேண்டும். பக்கத்தின் பகுதிகள் எதிர்பாராமல் இடம் பெயரும் அளவைக் குறிக்கும் எண் 0.1-ஐத் தாண்டக் கூடாது. கடைசியாகச் சொன்னது சற்று விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் ஒரு பொத்தானைத் தொடப் போகும் கணத்தில் மேலே ஒரு படம் வந்து எல்லாவற்றையும் கீழே தள்ள, வேறெதையோ தொட்டுவிட்ட அனுபவம் எல்லோருக்கும் இருக்கும். படத்தின் அகலத்தையும் உயரத்தையும் முன்கூட்டியே குறிப்பிட்டுவிட்டால் உலாவி அதற்கான இடத்தை ஒதுக்கிவைத்துவிடும். கேமராவிலிருந்து வந்த புகைப்படத்தை அப்படியே ஏற்றாமல், தேவையான அளவுக்குச் சுருக்கி வெப்பி (WebP) போன்ற வடிவில் சேமித்தாலே பல தளங்களின் பாரம் கணிசமாக இறங்கிவிடும். இதற்குப் பெரிய தொழில்நுட்ப அறிவு தேவையில்லை, பொறுமை போதும்.

மெல்லிய சாம்பல் எழுத்து நாகரிகமாகத் தெரிகிறது என்பதற்காக அதை விரும்புகிறவர்களோடு எனக்கு நெடுநாளாக வழக்கு உண்டு. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 இருக்க வேண்டும் என்று இணைய அணுகல்தன்மை வழிகாட்டுதல்கள் 2008 முதல் சொல்லிவருகின்றன. வெள்ளைப் பின்னணியில் #767676 என்ற குறியீட்டெண் கொண்ட சாம்பல் நிறம்தான் ஏறத்தாழ அந்த எல்லைக்கோடு. அதைவிட வெளிறினால் கண் மங்கியவர்கள் மட்டுமல்லாமல் வெளிச்சத்தில் நிற்கும் எல்லோரும் திணறுவார்கள். சிவப்பு-பச்சை வேறுபாட்டைக் காண்பதில் குறைபாடு உள்ள ஆண்களும் கணிசமாக இருக்கிறார்கள். வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் அது ஏறத்தாழ 8 விழுக்காடு. இருப்பு உண்டு என்பதற்குப் பச்சைப் புள்ளி, இல்லை என்பதற்குச் சிவப்புப் புள்ளி என்று மட்டும் வைத்தால், அவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். பக்கத்தில் ஒரு சொல்லை எழுதிவிட்டால் சிக்கல் தீர்ந்தது.

தமிழில் விளம்பரம் செய்பவர்களுக்குத் தனியாக ஒன்று. ஆங்கிலத்திற்கென வரைந்த சட்டகத்தில் கடைசி நேரத்தில் தமிழைக் கொண்டுபோய்ச் செருகுவதே நம் விளம்பரங்களின் பெரிய நோய். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. இரண்டு சொல்லுக்காக அமைத்த பொத்தானுக்குள் அவை அடங்கா. மேல்வரியில் உள்ள ‘கு’, ‘மூ’ ஆகியவற்றின் சுழிகளும் கீழ்வரியில் உள்ள ‘கி’, ‘ரீ’ ஆகியவற்றின் மேல்வளைவுகளும் மோதாமலிருக்க வரி இடைவெளி கூடுதலாக வேண்டும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பாகுபாடு நமக்கு இல்லாததால், அழுத்தம் தர எழுத்தின் தடிமனையும் அளவையும் மட்டுமே நம்ப வேண்டும். அதனால் ஒரே எழுத்துருவில் பல தடிமன்கள் உள்ள குடும்பத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. வடிவமைப்பு மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பை இயக்க மறந்தால், ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும். அப்படி அச்சான பேனரைத் தெருவே பார்த்துச் சிரிக்கும், வடிவமைத்தவர் மட்டும் அதைப் பார்த்திருக்க மாட்டார்.

இவையெல்லாம் சரியாக அமைந்தனவா என்று எப்படி அறிவது? பெரிய நிறுவனங்கள் இரண்டு வடிவங்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டு ஒப்பிடுகின்றன. கூகுளில் ஒரு நீலத்தைத் தேர்ந்தெடுக்க 41 நீலங்கள் சோதிக்கப்பட்டதைக் குறிப்பிட்டு, இப்படிப்பட்ட சூழலில் வேலை செய்ய முடியாது என்று எழுதிவிட்டு டக்ளஸ் போமன் என்ற வடிவமைப்பாளர் 2009-இல் அங்கிருந்து விலகினார். நாளொன்றுக்கு நாற்பது பேர் வரும் தளத்திற்கு இந்தச் சோதனையால் எதுவும் தெரியாது. எண்ணிக்கை போதாத இடத்தில் வரும் வேறுபாடு பெரும்பாலும் தற்செயலே. அதற்குப் பதிலாக, ஐந்து பேரை வைத்துப் பார்த்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று ஜேகப் நீல்சன் என்ற பயன்பாட்டு ஆய்வாளர் 2000-இல் எழுதிய வழியையே நான் பின்பற்றுகிறேன். தொழிலோடு தொடர்பில்லாத ஒருவரிடம் கைப்பேசியைக் கொடுத்து, ஐந்து விநாடி கழித்துத் திரும்ப வாங்கிக்கொண்டு, இது எதை விற்கும் இடம் என்று கேட்பேன். பிறகு ஒரு வேலையைச் சொல்லி, அதைச் செய்யும்போது வாய் திறக்காமல் பக்கத்தில் அமர்ந்திருப்பேன். உரிமையாளரையும் அழைத்துக்கொள்வேன், அவரைப் பேசவிடாமல் தடுப்பதுதான் அதில் கடினமான பகுதி. தான் பிடிவாதமாக வைக்கச் சொன்ன பகுதியை மூன்றாவது ஆளும் நிமிர்ந்து பார்க்காமல் தாண்டிச் செல்வதைக் கண்ட ஒருவர், நான் எதுவும் சொல்லாமலே அதை எடுத்துவிடச் சொன்னார். முன்பு இதே செய்தியை எட்டு மின்னஞ்சல்களில் எழுதியிருந்தேன்.

வேலை முடிந்து ஒப்படைக்கும்போது ஒரே ஒரு பக்கத்தில் நிறங்களின் எண்கள், எழுத்துருக்களின் பெயர்கள், லோகோவைச் சுற்றி விட வேண்டிய இடம், மூலக் கோப்புகள் இருக்கும் இடம் ஆகியவற்றை எழுதிக் கொடுக்கிறேன். நூறு பக்கக் கையேட்டை யாரும் திறப்பதில்லை என்பதால் ஒரே பக்கம். அதன் அடியில், இணையதளத்தை இனிப் புதுப்பிக்கப் போகிறவரின் பெயரையும், சலுகை முடியும் தேதியன்று அந்தப் படத்தை எடுக்க வேண்டியவரின் பெயரையும் எழுத இரண்டு கோடுகள் போட்டிருப்பேன். அவற்றை உரிமையாளர் என் கண்முன்னே நிரப்பிய பிறகுதான் கடைசி விலைச்சீட்டை நீட்டுவேன்.